சாணை பிடிக்கக் குடுக்க முதல் பிளேட்டைத் திருப்பிப் பாருங்கோ: ஹொக்கி ஸ்கேட் அனுபவங்கள்

ஸ்காபரோ அப்பா:

வணக்கம். போன நவம்பரில நடந்த ஒரு விசயம் இன்னும் மனதுக்குள்ள கிடந்து குத்துது. எழுதினால் இந்த வருசம் பிள்ளையை ஐஸ் ஹொக்கியில சேர்க்கிற ஆருக்காவது உதவும்.

மகனுக்கு எட்டு வயது, 26 கிலோ. ஹவுஸ் லீக்கில, அதாவது உள்ளூர்ப் பிள்ளையள் விளையாடுற லீக்கில, முதல் வருசம். இந்த விளையாட்டுக்கு ஆகிற செலவு உங்களுக்குத் தெரியும். அதால தெரிஞ்ச ஒரு குடும்பத்திட்ட இருந்து பழைய ஸ்கேட் ஒரு சோடி வாங்கினம். சப்பாத்து நல்லாத்தான் இருந்தது. பிளேட்டும் பளபளவெண்டு இருந்தது. நான் அதுக்கு மேல ஒண்டும் பார்க்கேல்லை.

முதல் மூண்டு கிழமையும் பிள்ளை விழுந்துகொண்டே இருந்தான். விழுறது எல்லாப் பிள்ளையளும்தான். ஆனா இவன் இடப்பக்கம் வளையேக்கைதான் விழுவான். வலப்பக்கம் ஒருமாதிரிச் சமாளிப்பான். உதைச்சுத் தள்ளேக்கை கால் பின்னால வழுக்கிக்கொண்டு போகும், ஆள் நிண்ட இடத்திலேயே நிற்பான். காரில வரேக்கை நான் ஒவ்வொரு நாளும் சொன்னது, "காலை இறுக்கி ஊண்டு, பயப்பிடாத." அவன் ஒண்டும் சொல்லமாட்டான். நாலாவது கிழமை, "அப்பா, நான் ஊண்டுறன், அது நிக்குதில்லை" எண்டு அழுதான்.

அடுத்த பிராக்டிஸில உடுப்பு மாத்துற அறையில ஒரு வயசான மனுசன், தன்ர பேரனைக் கூட்டிவந்தவர், ஸ்கேட்டைக் கையில வாங்கித் தலைகீழாத் திருப்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குதியில இருந்து நுனிவரை பார்த்தார். பிறகு பொக்கற்றுக்குள்ள இருந்து 25 சதக் காசு ஒண்டை எடுத்து, பிளேட்டின்ர இரண்டு விளிம்புக்கும் குறுக்கால படுக்க வைச்சார். காசு மட்டமா நிக்கேல்லை. வெளிப்பக்கம் சரிஞ்சு நிண்டது, என்ர கண்ணுக்கே தெரியிற அளவுக்கு. அது இடது ஸ்கேட். இடப்பக்கம் வளையேக்கை இடது காலின்ர வெளி விளிம்பிலதான் பாரம் போகும். அந்த விளிம்பு மற்றதை விடப் பதிஞ்சு கிடந்தால் அது எப்பிடி ஐஸைப் பிடிக்கும்?

பிறகு நகத்தை விளிம்பில மெல்ல இழுத்துக் காட்டினார். நல்ல விளிம்பு எண்டால் நகத்தில இருந்து வெள்ளையாத் தூள் சீவுப்படும். எங்கட பிளேட்டில ஒண்டும் வரேல்லை. இரண்டு விளிம்புக்கும் நடுவில இருக்கவேண்டிய குழிவும் கிட்டத்தட்ட இல்லை எண்டார்.

நான் பிள்ளையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தனான். ஒரு மாசமா.

அதோட என்ர பிழை முடியேல்லை. அடுத்த நாளே ஒரு கடைக்குக் கொண்டுபோய், "நல்ல கூரா அடிச்சுத் தாங்கோ" எண்டன். அவை பிள்ளையின்ர நிறை என்ன, எத்தினை நாளா விளையாடுறான் எண்டு ஒண்டும் கேட்கேல்லை. குழிவை 3/8 அங்குலத்துக்கு அடிச்சுத் தந்தினம். இப்ப வளைவு நல்லா வந்தது. ஆனா நிக்கிறதுக்குக் காலைக் குறுக்கால திருப்பின உடன பிளேட் அப்பிடியே ஐஸுக்குள்ள கடிச்சுக்கொண்டது. ஆள் முன்னால தூக்கி எறிபட்டு முழங்காலில விழுந்தான். பிறகுதான் அரை அங்குலத்துக்கு மாத்தினம். இரண்டு பிராக்டிஸ் பழக எடுத்தது. மூண்டாவது நாள் இரண்டு காலையும் திருப்பி, ஐஸ்தூள் பறக்க நிண்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிண்ட என்னைத்தான் முதல் பார்த்தான்.

உங்களுக்கு இப்பிடி ஏதும் நடந்ததா? எந்தக் குழிவு, எந்த வளைவு, எப்பிடிக் கண்டுபிடிச்சியள் எண்டு சொல்லுங்கோ.

சாணைக்காரன்:

அண்ணை, நான் ஒரு ஐஸ் அரங்கில பின்னேரங்களில ஸ்கேட் சாணை பிடிக்கிறனான். ஆறு வருசமாச்சு. நீங்கள் சொன்ன இரண்டு பிழையையும் கிழமைக்கு ஒருக்காவது பார்க்கிறன்.

முதல் ஒண்டு சொல்லுறன். கூர் வேற, குழிவு வேற. கத்திக்கு ஒரு வாய். ஸ்கேட்டுக்கு இரண்டு வாய், நடுவில ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலை ஒரு வட்டத்தின்ர துண்டா வெட்டுறம். வட்டத்தின்ர ஆரம் அரை அங்குலம் எண்டால் அதைத்தான் அரை அங்குலக் குழிவு எண்டுறது. ஆரம் சின்னனாக ஆக வாய்க்கால் ஆழமாகும். இதுதான் சனம் மாறி விளங்கிக்கொள்ளுற இடம்: 3/8 எண்டது 1/2 ஐ விடச் சின்ன எண், ஆனா கூடக் கடிக்கும். 1 அங்குலம் பெரிய எண், ஆனா வழுக்கும். 1 அங்குலத்திலயும் விளிம்பைக் கூரா வைச்சிருக்கலாம். கூரா இருந்தாலும் 26 கிலோப் பிள்ளைக்கு அது ஐஸுக்குள்ள இறங்காது.

எவ்வளவு வித்தியாசம் எண்டு நினைக்கிறியள்? ஹொக்கி பிளேட்டின்ர தடிப்பு மூண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. அதில அரை அங்குலக் குழிவு வெட்டினால் நடுவின்ர ஆழம் 0.08 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஒரு தலைமயிர்த் தடிப்பு. ஒரு அங்குலக் குழிவு எண்டால் அதில பாதி. 3/8 எண்டால் 0.1 மில்லிமீற்றர். இந்த மயிரளவு வித்தியாசத்திலதான் பிள்ளை நிக்கிறதும் விழுறதும்.

காசு சரிஞ்சதுக்குக் காரணம், பிளேட்டைப் பிடிச்சிருக்கிற தாங்கி சாணைக் கல்லின்ர நடுவுக்கு நேரா நிக்கேல்லை. கல்லை வைர முனையால அந்த ஆரத்துக்குச் சீவி எடுக்கிறம். கல்லின்ர நடுவும் பிளேட்டின்ர நடுவும் ஒண்டா வராட்டில் ஒரு விளிம்பு உயரும், மற்றது பதியும். ஒவ்வொரு சோடி முடியவும் மட்டம் வைச்சுப் பார்க்கிறது வேலை செய்யிறவன்ர கடமை. பார்க்காமல் குடுத்தால் அது பிழைதான்.

ஆருக்கு எது? நிறை முதல் கேள்வி. பாரம் கூடினவர் விளிம்பை ஆழமா இறக்குவார், அவருக்கு 5/8, 3/4 போதும். நிறை குறைஞ்சவைக்குக் குழிவு கூட வேணும். இரண்டாவது ஐஸ். உள்ளரங்க ஐஸ் மென்மையா இருந்தால் விளிம்பு லேசா இறங்கும். வெளியில, கடுங்குளிரில இறுகின ஐஸுக்கு ஒரு படி ஆழம் கூட்டலாம். மூண்டாவது, நிக்கப் பழகிற ஆளா, பழகின ஆளா. எதை மாத்தினாலும் ஒரு படிதான் மாத்துங்கோ. 1 இல இருந்து 3/8 க்குப் பாய்ஞ்சால் பிள்ளை தன்ர காலையே நம்பாது.

புது ஸ்கேட் வாங்கிறவைக்கு: பெரும்பாலும் பெட்டிக்குள்ள வரேக்கை சாணை பிடிபட்டிராது. அப்பிடியே கொண்டுபோய்ப் பிள்ளையை ஐஸில இறக்காதேங்கோ.

கோலியின் அம்மா, மார்க்கம்:

ஸ்காபரோ அண்ணா எழுதியதை வாசிக்க எனக்கும் கண் கலங்கியது. என் மகள் கோலி, அதாவது கோல் வலையைக் காப்பவள். பதினொரு வயது. கோலிக்கு வேறு ஸ்கேட், வேறு பிளேட் என்பதே எனக்கு முதலில் தெரியாது. பிளேட் தடிப்பு, நாலு மில்லிமீற்றர் அளவில் இருக்கும். நீளவாட்டில் பார்த்தால் மற்ற வீரர்களின் பிளேட்டைவிட மிகவும் தட்டையாக இருக்கும். அந்த நீளவாட்டு வளைவுக்கு 28 அடி ஆரம் என்பதெல்லாம் கோலிகளுக்குச் சாதாரணம். அவர்கள் ஓடுவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதும், முழங்காலில் விழுந்து எழும்புவதும்தான் அதிகம். ஐஸில் நிறைய இரும்பு படவேண்டும்.

ஒரு முறை அவசரத்தில் வேறொரு இடத்தில் கொடுத்தோம். அவர்கள் மற்றப் பிள்ளைகளின் ஸ்கேட்போல நுனியையும் குதியையும் உருட்டி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மகள் வலையின் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது முன்னும் பின்னும் தொட்டில் போல ஆடினாள். எட்டுக் கோல் வாங்கினாள். வீட்டுக்கு வந்து, இனிக் கோலியாக நிற்கமாட்டேன் என்றாள். உருட்டிப்போன இரும்பைத் திரும்ப ஒட்டமுடியாது. பிளேட்டையே புதிதாக மாற்றினோம்.

முன்பு கோலிகள் ஆழம் குறைந்த குழிவுதான் வைப்பார்கள், வழுக்கவேண்டும் என்று. இப்போது அவளுடைய கோலி கோச் அரை அங்குலம் போடச் சொன்னார். விழுந்த நிலையிலிருந்து ஒரு காலால் ஊன்றித் தள்ள விளிம்பு வேண்டும் என்றார். எங்களுக்கு அது சரியாக வந்தது.

ஒட்டாவா மாணவன்:

எனக்குச் சொந்த ஊர் மதுரை. சின்ன வயசுல எங்க தெருவுக்கு சைக்கிள்ல சாணை பிடிக்கிறவர் வருவார். ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதிச்சு, அருவாமனையைக் கல்லுல வச்சா நெருப்புப் பொறி பறக்கும். இங்க முதல் தடவை ஸ்கேட் சாணை பிடிக்கக் குடுத்தப்ப அதே சத்தம், அதே கருகின வாசனை. கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்துட்டே இருந்தேன்.

நான் ஹாக்கி ஆடுறது நண்பர்களோட, வாரத்துல ஒரு ராத்திரி. மத்தபடி ரிடோ கால்வாய்தான். உறைஞ்சதும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்கேட் பண்ணலாம். 2022-23 குளிர்காலத்துல ஐஸ் கெட்டிப்படாம கால்வாய் திறக்கவே இல்ல. நான் ஸ்கேட் வாங்கின வருஷம் அது. அதனால முழுக்க உள்ளரங்கத்துலதான் பழகினேன். அடுத்த வருஷம் அதே பிளேட்டோட கால்வாயில இறங்கினா, ரெண்டு கிலோமீட்டர்ல கணுக்காலும் தொடையும் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நேரா போகவே முடியல, முன்னும் பின்னுமா ஆட்டம்.

கடையில விசாரிச்சப்பதான் ரெண்டாவது வளைவு பத்தித் தெரிஞ்சது. குழிவுங்கிறது குறுக்குவாட்டு வளைவு. இது நீளவாட்டு வளைவு. என்னோடது 9 அடி ஆரம். சட்டுனு திரும்புறதுக்கு நல்லது, ஆனா ஐஸ்ல படுற இரும்பு கம்மி. 11 அடிக்கு மாத்தினேன். கால்வாயில நிம்மதியா போகுது. ராத்திரி ஆட்டத்துல திரும்புறதுல ஒரு நொடி பிந்துற மாதிரி இருக்கு, அது பழகிடுச்சு. குழிவு 5/8. எனக்கு எடை 78 கிலோ.

சாணைக்காரன்:

மதுரைத் தம்பி சொன்னது சரி. 10 அடி எண்டால் என்னெண்டு சனம் கேட்கும். மூண்டு மீற்றர்க் கயிற்றில சுண்ணக்கட்டியைக் கட்டி நிலத்தில வட்டம் கீறுங்கோ. அந்த வட்டத்தில உங்கட பிளேட்டளவு ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான் வளைவு. கண்ணுக்கு நேர்கோடு மாதிரித்தான் தெரியும். இரண்டு ஸ்கேட்டின்ர பிளேட்டையும் கீழ்ப்பக்கத்தோட கீழ்ப்பக்கம் முட்டச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேர பிடியுங்கோ. நடுவில முட்டும், இரண்டு பக்கமும் மெல்லிசா வெளிச்சம் விரியும். முட்டுற இடம் இரண்டு பக்கமும் ஒரே அளவா இல்லாட்டில் ஆரோ நுனியைக் கூடத் தேய்ச்சிருக்கினம்.

இப்ப ஒரே பிளேட்டில நாலு ஆரம் வைச்சும் வெட்டுகினம். நுனிப்பக்கம் சின்ன ஆரம், குதிப்பக்கம் பெரிசு. புரோஷார்ப் கொம்பனியின்ர குவாட் எண்டு கேட்டிருப்பியள். நல்லா ஓடுற பெரிய பிள்ளையளுக்கு வித்தியாசம் தெரியும். எட்டு வயசுக்கு அதுக்குக் காசு செலவழிக்காதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். அவைக்கு விளிம்பு மட்டமா, குழிவு நிறைக்கேத்த மாதிரி இருந்தால் காணும். அடியைத் தட்டையா விட்டு ஓரத்தில மட்டும் இரண்டு பல்லு விடுற ப்ளாக்ஸ்டோன் கொம்பனியின்ர முறையும் இருக்கு. வழுக்கலும் கடியும் சேர்ந்து கிடைக்கும் எண்டு விரும்புற ஆக்கள் இருக்கினம். அதையும் பிறகு பார்க்கலாம்.

வின்னிபெக் அக்கா:

ஒரு சின்ன விசயம். எங்கட வீட்டில மூண்டு பிள்ளையளும் பின்முற்றத்து ஐஸிலதான் பழகினவை. ஸ்கேட்டைக் கழட்டின உடன துணியால இரும்பைத் துடைச்சு, துணி உறை போடுங்கோ. பிளாஸ்டிக் காப்போட பைக்குள்ள வைச்சால் உள்ளுக்கு ஈரம் நிண்டு விடியக் கறள். கறள் முதல் தின்னுறது விளிம்பைத்தான். சீமெந்தில ஒரு அடி நடந்தாலும் சாணை பிடிச்ச காசு போச்சு.

ஸ்காபரோ அப்பா:

எல்லாருக்கும் நன்றி. வாசிச்சபிறகு இரண்டு வேலை செய்தன்.

ஸ்கேட்டின்ர நாக்குக்கு உள்பக்கம் வெள்ளை ரேப் ஒட்டி, "1/2, ஜனவரி 11" எண்டு எழுதினன். இனி எந்தக் கடைக்குப் போனாலும் "கூரா" எண்ட சொல்லு என்ர வாயில வராது, இந்த எண்ணைக் காட்டுவன். மற்றது, சாணைக்காரத் தம்பி சொன்ன மாதிரி இரண்டு பிளேட்டையும் சேர்த்து குசினி விளக்குக்கு நேர பிடிச்சன். வலதும் இடதும் ஒரே இடத்தில முட்டேல்லை. இடதில நுனி கூடத் தேய்ஞ்சு கிடக்கு. பழைய ஆளின்ர காலத்தில நடந்திருக்கும். மகன் பக்கத்தில நிண்டு தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "அப்ப நான் சரியாத்தான் ஊண்டினனான், என்ன அப்பா?" எண்டான்.

ஓம் எண்டன். ஒரு மாசம் பிந்திச் சொன்ன ஓம்.

சாணைக்காரத் தம்பி, இந்த அளவு வித்தியாசத்துக்குப் பிளேட்டை மாத்த வேணுமா, அல்லது இரண்டையும் ஒரே வளைவுக்கு வெட்டி எடுக்கலாமா? இரும்பு இன்னும் உயரமாத்தான் கிடக்கு. சனிக்கிழமை காலமை 7 மணிக்குப் பிராக்டிஸ் இருக்கு, அதுக்கு முதல் தெரிஞ்சால் நல்லது.

சாணைக்காரன்:

இரும்பு உயரம் இருந்தால் வெட்டி எடுக்கலாம் அண்ணை, மாத்தத் தேவையில்லை. வெட்டினபிறகு திரும்ப 1/2 குழிவு போட்டு, காசை வைச்சுப் பார்த்துத்தான் வாங்குங்கோ. மகனையும் கூட்டிக்கொண்டு போங்கோ, காசை அவன் வைக்கட்டும்.