பெடல் ஸ்டீல் கிட்டார்: 10 கம்பியா, 12 கம்பியா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
சர்ச்சில் ஆறு கம்பி ஹவாயன் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது பெடல் ஸ்டீல் (காலால் பெடலை மிதித்துக் கம்பிகளின் சுரத்தை மாற்றும் கிட்டார்) வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். எத்தனை கம்பி எடுப்பது? பாடுபவருக்குப் பின்னால் இழைந்து வாசிக்கத்தான் எனக்கு ஆசை. தர்மபுரி, பாலக்கோடு என்று பஸ்ஸில் தூக்கிப் போகவும் வேண்டும்.

பதில் (ஓசூர்):
தம்பி, ஒரே கழுத்து (கம்பிகள் ஓடும் பலகை), 10 கம்பி, ஈ9 ட்யூனிங் (ஈ9 கார்டுக்குச் சுருதி சேர்த்தது). மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர் இருந்தால் போதும். நாஷ்வில் பாணிக்கு (அமெரிக்க கன்ட்ரி இசை) அதுதான் வழக்கம், பாடங்களும் பெரும்பாலும் அதற்கே கிடைக்கும். ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தால் ஈ கார்டு ஏ கார்டாகிவிடும், கம்பி மேல் வழுக்கும் உலோகப் பாரை நகர்த்தவே வேண்டாம். அந்த வழுக்கலுக்காகத்தானே இந்த வாத்தியமே!
முதல் இரண்டு கம்பிகள் மூன்றாவதைவிடத் தாழ்ந்த சுரம், பயப்படாதீர்கள். 1962-ல் அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட்டி எம்மன்ஸ் சேர்த்தவை அவை. ஒரே ஃப்ரெட்டில், பாரை நகர்த்தாமலே, ஸ்கேல் வாசிக்க உதவும்.

பதில் (தர்மபுரி):
ஜாஸ், ஸ்விங் பக்கமும் போகும் எண்ணம் இருந்தால் 12 கம்பி யுனிவர்சலை யோசியுங்கள். ஈ9 ட்யூனிங்கும், ஜாஸ், ஸ்விங்குக்கு ஏற்ற பி6 ட்யூனிங்கும் ஒரே கழுத்தில் வரும். ஆனால் பெடலும் லீவரும் கூடும், பழக நாளாகும். ட்யூனிங்குக்கு ஒன்றாக இரண்டு கழுத்து உள்ள இரட்டைக் கழுத்து பஸ்ஸுக்கு ஆகாது, கேஸோடு 30 கிலோவை ஒட்டி வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. 10 கம்பியே எடுக்கிறேன்.

பதில் (ஓசூர்):
சரி. மூன்றாவது கம்பி மட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள், அதுதான் அடிக்கடி அறும்.