மறுமொழி: புதுப்பிக்கத்தக்க கரைப்பானா, விளைகரைப்பானா?

வணக்கம்.

> ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ பாடநூல் வரை வந்துவிட்டது. அதே வழியில் ‘புதுப்பிக்கத்தக்க கரைப்பான்’ என்றே வைத்துக்கொள்வோமே.

செடி விளைச்சலிலிருந்து எடுக்கும் கரைப்பானுக்கு (renewable solvent) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது இது. எனக்கு உடன்பாடில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன ஆஃப்செட் அச்சகம் எங்களுடையது. ரோலரில் மை கழுவப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும்தான் வழக்கம். போன வருடம் சோயா மெதில் எஸ்டர் (சோயா எண்ணெயிலிருந்து செய்யும், மையைக் கரைக்கும் திரவம்) ஒரு கேன் வாங்கி, “இது புதுப்பிக்கத்தக்க கரைப்பான்” என்று பையனிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கழுவிய கறுப்புக் குழம்பையெல்லாம் பழைய பெயிண்ட் வாளியில் சேர்த்து மூடி வைத்திருக்கிறான். “புதுப்பிச்சுக்கலாம்னு சொன்னீங்களேண்ணா?”

அவன் தமிழில் தப்பில்லை. வீட்டைப் புதுப்பிக்கிறோம், உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். அழுக்கான கரைப்பானைக் காய்ச்சி வடித்து மீட்பதற்கல்லவா அந்தச் சொல் பொருந்தும்? நாம் சொல்ல வருவது சரக்கு பிறந்த இடத்தை. எண்ணெய் ஆலை சுத்திகரிப்பில் ஒதுக்கும் சோப் ஸ்டாக்கை (சோப்பு கலந்த கசடு) அமிலம் விட்டுப் பிரித்தால் கொழுப்பமிலம். அதை மெத்தனாலோடு, அமில வினையூக்கி சேர்த்துச் சூடாக்கினால் எஸ்டர். (காரம் சேர்த்தால் திரும்பவும் சோப்புதான்!) அடுத்த போகம் விளைந்தால் மறுபடி கிடைக்கும்.

ஆகவே விளைகரைப்பான். விளைநிலம் மாதிரி வினைத்தொகை. நடுவில் ‘க்’ வேண்டாம்.

‘பசுமைக் கரைப்பான்’ என்றால் குறையே இல்லாத சரக்கு போலத் தோன்றுகிறது. இந்த எஸ்டரின் தீப்பற்று வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல், அது நிம்மதிதான். ஆனால் லேசில் ஆவியாகாது. ரோலரில் வழவழவென்று நிற்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைக்காவிட்டால் அடுத்த மை ஒட்டாது. சில வகை ரப்பரை உப்ப வைக்கவும் செய்யும்.

வேதியியலில் ‘விளைபொருள்’ என்றால் வினையின் முடிவில் கிடைப்பது, குழப்பாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குழப்பும்தான். எஸ்டரும் ஒரு வினையின் விளைபொருளே என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

அப்புறம் மெத்தனால். அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. மெதில் ஒலியேட்டில் (இந்த எஸ்டர் கலவையில் இருக்கும் ஒரு வகை) 19 கரிம அணுக்கள். 18 செடி கொடுத்தவை, ஒன்று மெத்தனால் கொடுத்தது. அந்த ஒன்றுக்காகப் பெயரை மறுப்பவர்கள், கரும்புச் சாராயத்தில் செய்த எதில் எஸ்டருக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளட்டும். நான் கேன் மேல் ‘விளைகரைப்பான்’ என்று மார்க்கரால் எழுதி ஒட்டிவிட்டேன். பையன் வாளியைக் காலி செய்துவிட்டான்.