ஷூ கயிறும் லேஸ், முக்காட்டுத் துணியும் லேஸ்: எப்படி?

மைக்கூடு கேட்டது:
ஒரு ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். லேஸ் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஓரிடத்தில் ஷூ கயிறு, அப்புறம் மணப்பெண் முக்காட்டின் துளைத்துளையான துணி, ராணுவ அதிகாரியின் கோட்டில் தங்க லேஸ். கடைசியில் ஒருவர் காபியை பிராந்தியால் லேஸ் செய்கிறார்! அகராதி எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

ஊசிமுனை:
ஷூ லேஸை அப்படியே விடுங்கள், எல்லோருக்கும் புரியும். கோட்டில் இருப்பது சரிகைப் பட்டை. காபிக்கு "பிராந்தி கலந்து" போதும்.

வெண்ணூல்:
நான் பாபின் லேஸ், அதாவது நூல் சுற்றிய சிறு கட்டைகளால் (பாபின்) பின்னும் லேஸ், பின்னுகிறவள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தொடர்பு உண்டு. லத்தீனில் 'லாக்குவேயுஸ்' என்றால் சுருக்கு, வேட்டைக்கு வைக்கும் கண்ணி. கௌபாய் வீசும் லாசோவும் அதே வேர்தான், ஸ்பானிய வழியில் வந்தது. ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது லேஸ் என்பது சுருக்கு, கயிறு. உடையின் இரு விளிம்புகளை இழுத்துக் கட்டுவதும் அதுதான். ஷூ லேஸ் இன்னும் அந்தப் பழைய பொருளிலேயே நிற்கிறது. அழகுக்காக உடையின் ஓரத்தில் தைத்த பட்டைகளுக்கும் அந்தப் பெயர் போனது. உங்கள் அதிகாரியின் தங்க லேஸ் அந்த வகை, அதில் துளையே இருக்காது. துளைப் பின்னலுக்கு இந்தப் பெயர் வந்தது 16ஆம் நூற்றாண்டில்.

துணிக்குக் கயிற்றின் பெயரா என்று தோன்றினால், பாபின் லேஸ் துண்டு ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நெய்த துணியில் ஓட்டை போட்டது அல்ல அது. ஒவ்வொரு நூலும் ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றியிருக்கும். கெட்டியான தலையணையில் குண்டூசி குத்தி, இரண்டு ஜோடியாக நான்கு கட்டைகளைக் கையில் எடுத்தால், அடிப்படை அசைவுகள் இரண்டுதான். நடுவில் இருக்கும் இரண்டில் இடதை வலதின் மேல் போடுவது குறுக்கு. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் வலதை இடதின் மேல் போடுவது முறுக்கு. பூ, இலை, வலை எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறப்பவை. துளை என்பது நூல்கள் சுற்றிப் போன இடம். வலைக்கண் என்கிறோமே, அந்தக் கண்.

ஊசி லேஸ் வேறு. அது ஒற்றை நூலில் காஜா தையலாகவே வளரும், அடியில் துணி கிடையாது. வெனிஸில் ஆரம்பத்தில் அதைக் 'காற்றில் தையல்' என்றே அழைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது.

ஆங்கிலேயர் ஜான் ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற லேஸ் இயந்திரமும் பாபின் நூல்களின் இந்த முறுக்கைத்தான் பின்பற்றியது. 1816இல் இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில் இருந்த அவருடைய ஆலைக்குள் இயந்திர எதிர்ப்பாளர்கள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் தொழிலையே டிவர்ட்டன் என்ற வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார்.

காபி விஷயம்: உடைக்கு ஓரப் பட்டை சேர்ப்பதுபோல் பானத்தில் ருசிக்கு ஒன்றைச் சேர்ப்பது. 17ஆம் நூற்றாண்டில் முதலில் சர்க்கரைக்குச் சொன்னார்கள், பிறகு மதுவுக்கு. விஷத்துக்கும் இதே வினை வரும், எனவே என்ன கலக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

மைக்கூடு:
மிக்க நன்றி அக்கா. இன்னொன்று: கதையில் ஒரு அத்தையை 'ஸ்ட்ரெய்ட்-லேஸ்டு' என்கிறார்கள். நேரான கயிறா?

வெண்ணூல்:
இல்லை, அந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு இறுக்கம், குறுகல் என்று பொருள். நேர்கோட்டுக்கான சொல்லின் எழுத்து வேறு. மார்க்கச்சையின் கயிற்றை இறுக்கிக் கட்டியவர் என்பதிலிருந்து வந்தது. ஒழுக்க விஷயத்தில் விறைப்பானவர் என்று எழுதலாம். முக்காட்டுக்கு 'லேஸ் பின்னல்' என்று போடுங்கள், 'லேஸ் துணி' என்றால் நெய்தது போலத் தோன்றும்.