புதுப்பிப்பு: பெஞ்சுக் கால் ஆட்டம் நின்றது

மெராந்தி மரப் பெஞ்சின் கால் ஆடுகிறது, எல் (L) வடிவத் தகடு வைத்துத் திருகாணி போடுவதா, பிரித்துத் திரும்பச் செய்வதா என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. தகடு வேண்டாம் என்ற பட்டர்வொர்த் அண்ணனுக்கு நன்றி.

பிரித்து, காலோடு சேரும் குறுக்குச் சட்டத்தைப் புதிதாக அறுத்து, கழுந்தும் துளையுமாகவே (சட்டத்தின் நுனியில் சீவிய நாக்கு, அது நுழையக் காலில் ஒரு குழி) போட்டேன். கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கையால் அழுத்தினால் முக்கால்வாசி போய், மிச்சம் மரச்சுத்தியால் தட்டினால் இறங்க வேண்டும், அவ்வளவுதான் இறுக்கம். அதற்கு மேல் போனால் உள்ளே நுழையும்போதே பசையை வழித்துத் தள்ளிவிடும், மரமும் பிளக்கலாம். துளையை மட்டும் 2 மில்லிமீட்டர் கூடுதல் ஆழமாக விட்டேன், பசை தேங்க இடம் வேண்டுமே.

அப்புறம் காலையும் கழுந்தையும் குறுக்கே துளைத்துப் போகும் மர ஆணி. காலில் போட்ட ஓட்டையைவிடக் கழுந்தின் ஓட்டையை 1 மில்லிமீட்டர் தோள்பக்கமாக (கழுந்து சட்டத்தில் தொடங்கும் பக்கம்) தள்ளிப் போட்டதில், நுனி சீவிய ஆணி இறங்க இறங்கச் சட்டம் தானாகக் காலோடு வந்து ஒட்டிக்கொண்டது, கிளாம்ப் தேவைப்படவில்லை. பினாங்கு ஈரக்காற்றில் பசையை மட்டும் நம்பிப் பெஞ்சு செய்வது எனக்குச் சரிப்படாது.

பசை எது என்று கேட்டவர்களுக்கு: சாதாரண வெள்ளைப் பசைதான், பெஞ்சு வீட்டுக்குள் இருப்பதால். மழை படும் இடமென்றால் எபாக்சி பசை பாருங்கள். மற்ற கால்கள் ஆடவில்லை, தொடப்போவதில்லை.