கதவுக்குப் பின்னால் உறைவதைப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுகிறீர்கள்?

எல்.கே.ஜி. ஆசிரியை, மதுரை

உருகுவதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியரே தேவையில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, நான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் வைத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வழுக்கும், கையை விட்டு ஓடும், யாராவது ஒருவர் சட்டைக்குள் போகும். சற்று நேரத்தில் தட்டில் தண்ணீர்தான் மிஞ்சும். எல்லாம் கண்முன் நடந்து முடிந்துவிடுகிறது.

சிக்கல் உறைவதில்தான். சாயங்காலம் தண்ணீரை ஊற்றி ஃபிரீசர் கதவைச் சாத்துகிறோம். மறுநாள் காலை திறந்தால் கட்டி. நடுவில் என்ன நடந்தது என்று பிள்ளை பார்க்கவே இல்லை. "ராத்திரி ஆயா வந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு ஐஸை வைத்துவிட்டார்" என்று என் வகுப்பில் ஒருத்தி அடித்துச் சொன்னாள். அவள் பார்த்ததை மட்டும் வைத்து யோசித்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதனால் இப்போதெல்லாம் காலையில் ஊற்றிவைத்துப் பாதியிலேயே திறந்துவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரங்களிலும் மேலேயும் மெல்லிதாக ஏடு கட்டியிருக்கும், உள்ளே இன்னும் தண்ணீர் ஆடும். "பாலாடை!" என்று கத்துவார்கள். விரலால் அழுத்தினால் ஏடு டப்பென்று உடைந்து, அடியில் இருக்கும் தண்ணீர் மேலே ஊறி வரும். ஆளுக்கொரு குழி உடைக்கக் கொடுத்துவிட்டுத் தட்டைத் திரும்ப உள்ளே வைப்போம். ஆயா மீதிருந்த சந்தேகம் ஓரளவு குறைந்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள், எழுதுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, கோத்தகிரி

டீச்சர், எங்கள் ஊரில் ஃபிரீசரே வேண்டாம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டியைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு சொட்டு இறங்காது. இங்கே எண்ணெய் தானாக ஊற்றும் நாள்தான் அதிசயம்! ஸ்பூன் காம்பால் ஒரு வில்லை சுரண்டி மகள் உள்ளங்கையில் வைப்பேன். முதலில் ஓரம் கண்ணாடி மாதிரி தெளியும், பிறகு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிதக்கும், அதுவும் போய்விடும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. நம் உடம்புச் சூடு 37. அதனால் பிள்ளையின் கையே அடுப்பு.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. அவள் கேட்டாள்: "ஐஸ் என்றால் ஜில்லென்றுதானே இருக்க வேண்டும்? இது ஏன் ஜில்லென்று இல்லை?" உறைந்தது எல்லாமே விரல் விறைக்கும்படி குளிர்ந்திருக்க வேண்டியதில்லை என்பதை ஐஸ் கட்டியை மட்டும் வைத்துக் காட்டவே முடியாது.

சமவெளியில் இருப்பவர்கள் ஒரு கரண்டி எண்ணெயைத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சீக்கிரமே வெளுக்கத் தொடங்கும். அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கலாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. முடிந்ததும் தலைக்கே தேய்த்துவிடலாம்.

அங்கன்வாடிப் பணியாளர், தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை

எங்கள் மையத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஆனால் இந்தப் பாடத்துக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஈடான பிள்ளைகள் எங்கும் கிடையாது. அப்பா கடலுக்குப் போகும்போது ஐஸ் கம்பெனியிலிருந்து பார் பாராக இறக்கி, உடைத்து, படகில் ஏற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

ஒரு நாள் பக்கெட்டில் கொஞ்சம் உடைத்த ஐஸ் வாங்கி வந்து, "வீட்டுக்குப் போகும்வரை இது உருகாமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். மூன்றரை வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "தெர்மாகோல் பெட்டியில் போட்டு மூடுங்கள் டீச்சர், திறந்து திறந்து பார்க்கக் கூடாது" என்றான். அவனுக்கு அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? நான் சொன்னது ஒன்றுதான்: மீனுக்குப் போடும் ஐஸை வாயில் வைக்கக் கூடாது. அதைக் குடிநீரில் செய்கிறார்கள் என்று நம்பவே முடியாது. நல்ல தண்ணீரில் செய்த ஐஸாக இருந்தாலும், சிறு பிள்ளைகள் முழுக் கட்டியை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். இரண்டையும் விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பேரனைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் தாத்தா, திருவல்லிக்கேணி

அந்தப் பையன் சொன்ன தெர்மாகோல் வேலையை 19-ஆம் நூற்றாண்டில் மரத்தூள் செய்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது. மாதக்கணக்கில் வெப்பக் கடல்களைக் கடந்தும் பெரும்பகுதி கட்டியாகவே வந்து சேர்ந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் கட்டியதுதான் எங்கள் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான், இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். அந்த வழியாகப் பேரனோடு நடக்கும்போது அவன் கேட்டான்: "இத்தனை வெயிலில் ஐஸை எப்படித் தாத்தா வைத்திருந்தார்கள்?"

வீட்டுக்கு வந்து நான்கு கட்டிகளை வைத்தோம். ஒன்று வெறும் கிண்ணத்தில், ஒன்று செய்தித்தாளில் சுற்றி, ஒன்று அவனுடைய கம்பளிக் குல்லாவுக்குள், ஒன்று தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளில். எது முதலில் உருகும் என்று கேட்டால், குல்லாதானாம். "குல்லா போட்டால் எனக்குச் சூடாக இருக்கிறதே, ஐஸுக்கும் சூடாகுமல்லவா?" பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். வெறும் கிண்ணத்தில் தண்ணீராகிவிட்ட பிறகும் குல்லாவுக்குள் கட்டி கிடந்தது. அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. குல்லா சூடு தருவதில்லை, வெளிச்சூடு உள்ளே போகாமலும் உள்சூடு வெளியே வராமலும் தடுக்கத்தான் செய்கிறது என்று நான் விளக்கவில்லை. ஐந்து வயதில் கோபம் வந்ததே போதும்.

அறிவியல் ஆசிரியர், திண்டுக்கல்

மதுரை டீச்சர் கேட்டதற்கு நேரான வழி உப்பு. நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு, அகலமான பாத்திரத்தில் கலந்துவிடுங்கள். நடுவில் சிறிய எவர்சில்வர் டம்ளரில் விரற்கடை அளவு தண்ணீர். உப்பு சேர்ந்ததும் ஐஸ் வேகமாக உருகும், உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்தே இழுத்துக்கொள்ளும். கலவை பூச்சியத்துக்கு வெகு கீழே இறங்கிவிடும், −21 டிகிரி வரைக்கும் இறங்க முடியும். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்புறம் வெண்பனி பூக்கும், உள்ளே சுவரோரமாகத் தண்ணீர் இறுகத் தொடங்கும். குல்ஃபிக்காரர் பானைக்குள் செய்வதும் இதேதான். ஒரு பக்கம் ஐஸ் உருகுகிறது, அதனாலேயே இன்னொரு பக்கம் தண்ணீர் உறைகிறது, இரண்டும் பிள்ளைகள் கண்முன்னே, கதவு எதுவும் இல்லாமல்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தக் கலவையைப் பிள்ளைகள் தொடக் கூடாது. சும்மா ஐஸ் பிடித்தால் கை வலிக்கும், விட்டுவிடுவார்கள். உப்பும் ஐஸும் சேர்ந்தது தோலைத் தீப்புண் போலவே புண்ணாக்கிவிடும். கலக்குவது பெரியவர்கள் வேலை. வெளியே எடுத்துத் துடைத்த பிறகு டம்ளரைப் பார்க்கக் கொடுக்கலாம்.

அம்மா, ஸ்கார்பரோ, கனடா

உப்பு என்றதும் நினைவுக்கு வந்தது: இங்கே குளிர்காலத்தில் நடைபாதையில் உப்புத் தூவுவதை என் மகன் தினமும் பார்க்கிறான். "தெருவுக்கு ஏன் சமைக்கிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்டான். பனி கொட்டிய நாளில் கிண்ணம் நிறைய அள்ளிவந்து மேசையில் வைத்தோம். உருகியதும் அடியில் கொஞ்சம் தண்ணீர். "மிச்சத்தை அம்மம்மா குடித்துவிட்டாரா?" பஞ்சுப் பனியில் பெரும்பகுதி காற்றுதான் என்பதை எப்படிச் சொல்வது என்று விழித்தேன். அந்தத் தண்ணீரில் கறுப்பாகத் தூசி மிதந்ததைப் பார்த்த பிறகு, வெளியே பனியை அள்ளித் தின்பது மட்டும் நின்றது.

எல்.கே.ஜி. ஆசிரியை, மதுரை

திண்டுக்கல் சார், கல்லுப்பா, தூளுப்பா?

அறிவியல் ஆசிரியர், திண்டுக்கல்

எது இருந்தாலும் சரி. தூளுப்பு சீக்கிரம் கலக்கும், கல்லுப்பு விலை மலிவு. ஐஸை நன்றாக நொறுக்குவதுதான் முக்கியம், முழுக் கட்டிகளாகப் போட்டால் டம்ளரைச் சரியாகத் தொடாது. கோணிப்பையில் கட்டி உலக்கையால் நாலு போடு போடுங்கள். அந்த வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் மகிழ்ச்சியாக வருவார்கள்.