மூன்று வயதில் 29 கிலோ: மரபணுச் சோதனை செய்தவர்கள் இருக்கிறீர்களா?

தங்கை மகனுக்கு மூன்று வயது, எடை 29 கிலோ. பிறந்தபோது சாதாரண எடைதான். இப்போது தட்டை வழித்துச் சாப்பிட்ட கையோடு மறுபடி சாதம் கேட்டு அழுகிறான். ராத்திரி எழுந்து பிஸ்கட் டப்பாவை உருட்டுகிறான். ஊட்டிக் கெடுப்பதாகச் சொந்தக்காரர்கள் பேச்சு வேறு.

டாக்டர் லெப்டின், எம்சி4ஆர் மரபணுக்களைப் பார்க்கச் சொல்கிறார். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குப் போய் 'வயிறு நிறைந்தது' என்று சொல்லும் ஹார்மோன்தான் லெப்டின்; அந்தச் செய்தி மூளைக்குள் வேலை செய்யத் தேவையான ஏற்பிதான் எம்சி4ஆர். லெப்டின் இல்லாத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள். தங்கையும் அத்தை மகனைத்தான் கட்டினாள்.

லெப்டின் குறைபாடு என்றால் ஊசி இருக்கிறதாம், எம்சி4ஆர் என்றால் அது உதவாதாம். முதலில் ரத்தத்தில் லெப்டின் அளவு மட்டும் பார்த்தால் போதுமா? எங்கே செய்தீர்கள், எவ்வளவு ஆனது? அப்புறம், அந்த ஊசி யாருக்காவது கிடைத்ததா?