ரோட் பைக்கில் நேர் ஹேண்டில் போட்டேன்: பிரேக் பிடிக்கவில்லை, முன் கியர் ஏறவில்லை. உதவி!

பாளை_ரைடர்
வணக்கம். கொஞ்சம் அவசரம். கழுத்தும் மணிக்கட்டும் தொடர்ந்து வலித்ததால் ரோட் பைக்கின் வளைந்த ஹேண்டிலைக் கழற்றிவிட்டு நேர் ஹேண்டில் போட்டாயிற்று. பிரேக் லிவர், கியர் மாற்றும் ஷிப்டர், கம்பி எல்லாம் புதிது. பின் கியர் அருமையாக விழுகிறது. முன் கியர்தான் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுக்கிறது. ஏறினாலும் செயின் உரசுகிறது. அதைவிட பிரேக்தான் பயமாக இருக்கிறது. லிவர் கொஞ்சம் அழுத்தியதுமே கெட்டியாகி நின்றுவிடுகிறது, வண்டி நிற்பதில்லை. ஞாயிறு பாபநாசம் போக வேண்டும். என்ன செய்யலாம்?

சேரை_சைக்கிள்
எத்தனை ஸ்பீடு, அதாவது பின்னால் எத்தனை பல்சக்கரம்? டிஸ்க்கா, ரிம் பிரேக்கா? ஷிப்டர், லிவர் இரண்டின் அடியிலும் ஒரு எண் இருக்கும், அதை எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.

கம்பியும்_கவரும்
இது அவுட்டர் (கம்பி உள்ளே ஓடும் உறை) பிரச்சினை. நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். ஹேண்டில் மாற்றும்போது பழைய அவுட்டரையே ஒட்டி வெட்டிப் போட்டிருப்பார்கள், வளைவு இறுகிப் போயிருக்கும். இன்னொன்றும் பாருங்கள். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் சுருளாக இருக்கும். பொதுவாகக் கியருக்கு 4 மி.மீ., பிரேக்குக்கு 5 மி.மீ. கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போட்டிருந்தால் இப்போதே கழற்றி எறியுங்கள். முழு பலத்தோடு பிடிக்கிற நேரத்தில் அது வெடித்துப் பிரிந்துவிடும்.

பழைய_ரேலே
ஸ்பீடு தெரியாது, பிரேக் வகை தெரியாது, லிவர் எண் தெரியாது. இதற்கு வைத்தியம் சொல்லச் சொன்னால் எப்படி? தம்பி, வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இங்கே பல தடவை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை.

சேரை_சைக்கிள்
அண்ணாச்சி, அவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கப் போகிறார். முதலில் பிரேக்கைச் சரி செய்வோம்.

பாளை_ரைடர்
ரிம் பிரேக்தான். பழைய காலிப்பரை (ரிம்மை இரு பக்கமும் கவ்வும் பிரேக் பாகம்) மாற்றவில்லை. வண்டியில் இருப்பது ஷிமானோ சோரா செட், ஆர்3000. லிவரும் ஷிப்டரும் எம்டிபி (மலை சைக்கிள்) வகை, எல்லாவற்றுக்கும் சேரும் என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். அவுட்டர் எல்லாம் புதிதுதான்.

சேரை_சைக்கிள்
சோரா என்றால் 9 ஸ்பீடு. முன்னால் இரண்டு பல்சக்கரம்தானே? இடது ஷிப்டரில் 3 வரை எண் போட்டிருக்கிறதா?

பாளை_ரைடர்
ஆமாம், 1 2 3.

பழைய_ரேலே
எதிர்பார்த்ததுதான். சரி, முழுதாக எழுதுகிறேன், ஒரு முறை நிதானமாகப் படியுங்கள்.

பின் கியர்: ஷிமானோவில் 9 ஸ்பீடு வரை ரோடுக்கும் எம்டிபிக்கும் பின் டிரெயிலருக்கு (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பாகம்) கம்பி இழுக்கும் அளவு ஒன்றே. உங்கள் வலது ஷிப்டர் சரியாக வேலை செய்வது அதனால்தான்.

முன் கியர்: அந்த ஒற்றுமை இங்கே கிடையாது. ரோட் டிரெயிலருக்கு வேண்டிய இழுப்பும் எம்டிபி ஷிப்டர் தருகிற இழுப்பும் வேறு. ஸ்க்ரூவைத் திருகி இதைச் சரி செய்ய முடியாது. அந்த ஸ்க்ரூ டிரெயிலர் போகும் எல்லையை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சோராவுக்கென்றே நேர் ஹேண்டில் ஷிப்டர் இருக்கிறது, எஸ்எல்-ஆர்3000. இடது பக்கம் மட்டும் வாங்கினால் போதும்.

பிரேக்: உங்கள் எம்டிபி லிவர் வி பிரேக் என்ற வகைக்கானது. வி பிரேக்கின் கைகள் நீளம், நெம்புபலம் அதிலேயே இருக்கிறது. ஆகவே அதற்கான லிவர் கம்பியை அதிகமாக இழுக்கும், விசையைக் குறைவாகக் கொடுக்கும். காலிப்பருக்கு வேண்டியது நேர் எதிர்: குறைந்த இழுப்பு, கூடுதல் விசை. வி லிவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு கம்பியை இழுத்துவிடுவதால் பிரேக் கட்டை சட்டென்று ரிம்மைத் தொடும், லிவர் கெட்டியாகும், ஆனால் அழுத்தம் போதாது. உங்கள் கை உணர்வது இதைத்தான். ஷிமானோவில் பிஎல்-4700 மாதிரி காலிப்பருக்கான நேர் ஹேண்டில் லிவர் வாங்குங்கள்.

கம்பியும்_கவரும்
எல்லாம் சரி. ஆனாலும் அவுட்டரையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்.

களக்காட்டு_மலை
இவ்வளவு செலவு எதற்கு? கழுத்து வலிக்கு ஸ்டெம்மை (ஹேண்டிலைப் பிடித்திருக்கும் துண்டு) தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே ஹேண்டில் உயர்ந்திருக்கும். அதுவும் ஆடி மாதத்தில் வளைந்த ஹேண்டிலை விட்டுக்கொடுப்பார்களா? ஆலங்குளம் தாண்டித் தென்காசிப் பக்கம் போய்ப் பாருங்கள், செங்கோட்டைக் கணவாய்க் காற்று நெஞ்சுக்கு நேரே வந்து தள்ளும். கீழே பிடித்துக் குனிந்தால்தான் வண்டி நகரும்.

பணகுடி_காத்தாடி
ஆலங்குளம் காற்றை எல்லாம் காற்று என்று சொல்லாதீர்கள். வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு வரை வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருவது பக்கவாட்டில் அடிக்கும். லாரி மறைக்கும்போது காற்று நின்றுவிடும், லாரி போனதும் மொத்தமாகத் தள்ளும். அங்கே அகலமான நேர் ஹேண்டில்தான் கைக்குள் நிற்கும். நான் இரண்டையும் ஓட்டியவன்.

களக்காட்டு_மலை
பக்கக் காற்றில் தள்ளாடுவது உயரமான ரிம் போட்டவர்களுக்கு. சாதாரண ரிம் என்றால் சமாளிக்கலாம். எதிர்க்காற்றில் உடம்பைக் குறுக்க வழியே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

பணகுடி_காத்தாடி
முழங்கையை மடக்கி, ஸ்டெம்மை ஒட்டிப் பிடித்துக் குனியலாம். பிரேக்கிலிருந்து விரல் விலகும், அதனால் ஆளில்லாத நேர் ரோட்டில் மட்டும். வண்ணார்பேட்டை நெரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு நிமிர்ந்து உட்கார்ந்து எந்நேரமும் பிரேக்கில் விரல் வைத்திருப்பதே பெரிய பாதுகாப்பு. வருஷத்தில் மூன்று நான்கு மாதக் காற்றுக்காக வருஷம் முழுக்கக் கழுத்து வலியோடு ஓட்ட வேண்டுமா?

களக்காட்டு_மலை
கழுத்து வலி ஹேண்டிலால் வருவதில்லை. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் உள்ள தூரத்தால் வருவது.

சேரை_சைக்கிள்
அந்தக் கடைசி வரியில் விஷயம் இருக்கிறது. வளைந்த ஹேண்டிலில் கை வைக்கிற இடம் ஸ்டெம்முக்கு நன்றாக முன்னால் இருக்கும், நேர் ஹேண்டிலில் அது இல்லை. அதே ஸ்டெம்மில் மாற்றினால் கை பின்னால் வந்து, உடம்பு ஒடுங்கி, எடை முழுக்கச் சீட்டில் விழும். பலரும் பிறகு நீளமான ஸ்டெம்முக்குப் போகிறார்கள். கழுத்து வலி உள்ளவர் உடனே மாற்ற வேண்டாம். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். காற்றுச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சிமாரே.

அம்பை_பட்டறை
இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி, புது லிவர் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். லிவரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் தலை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்புறம் பாருங்கள். சில ஷிமானோ லிவர்களில் அங்கே ஒரு சின்ன ஸ்க்ரூவும், வி, சி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். சி என்பது கேன்டிலீவர் பிரேக், இன்னொரு வகை ரிம் பிரேக். அதன் இழுப்பும் காலிப்பரின் இழுப்பும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்க்ரூவைக் கழற்றி அந்தத் துண்டை வி-யிலிருந்து சி, ஆர் பக்கம் மாற்றிப் போடுங்கள்.

மாற்றிய பிறகு லிவர் இன்னும் உள்ளே வரும். கட்டையை ரிம்முக்கு நெருக்கமாக வைத்து, கம்பியை இழுத்துக் கட்டுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து முழு பலத்தோடு பத்துத் தடவை அழுத்துங்கள். லிவர் ஹேண்டிலைத் தொடக் கூடாது, கம்பி நழுவக் கூடாது. அது தேறிய பிறகுதான் ஏறி உட்கார வேண்டும். அந்த எழுத்துகள் இல்லையென்றால் இந்த வண்டியில் பாபநாசம் வரவே வராதீர்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வேனும் பஸ்ஸுமாகப் போய்க்கொண்டிருக்கிற நேரம். விக்கிரமசிங்கபுரம் தாண்டி நினைத்த இடத்தில் நிற்க முடியாத சைக்கிளோடு அந்த ரோட்டில் இருக்கக் கூடாது.

முன் கியருக்கு, சொல்லியிருக்கிற ஷிப்டர் கிடைக்கும் வரை சின்னச் சக்கரத்திலேயே ஓட்டலாம். இல்லையென்றால் சொடுக்கு இல்லாத பழைய தம்ப் ஷிப்டர் ஒன்றை இடது பக்கம் மாட்டுங்கள். அது எந்த டிரெயிலரையும் இழுக்கும், உரசினால் விரலால் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். என் பட்டறையில் பலருக்கு அப்படித்தான் ஓடுகிறது.

பழைய_ரேலே
தம்ப் ஷிப்டர் எல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. முறையான உதிரிபாகம் இருக்கும்போது அது எதற்கு?

அம்பை_பட்டறை
முறையானது வந்து சேரும் வரைக்கும்தான் அண்ணாச்சி.

பாளை_ரைடர்
எழுத்து இருந்தது. இரண்டு லிவரையும் மாற்றிவிட்டேன். பிரேக் பிடிக்கிறது, நன்றாகவே பிடிக்கிறது. இடது ஷிப்டருக்குச் சொல்லியிருக்கிறேன், அதுவரை சின்னச் சக்கரம்தான். அம்பை அண்ணாச்சிக்கும் எல்லோருக்கும் நன்றி.

கம்பியும்_கவரும்
அவுட்டர் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா?

தென்காசி_மிதி
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என்னுடையது ஷிமானோ டியாக்ரா 4700 செட், 10 ஸ்பீடு. வலது பக்கம் எம்டிபி 10 ஸ்பீடு ஷிப்டர் போடலாமா? பிரேக் ரிம்தான்.

பழைய_ரேலே
கூடாது. 10 ஸ்பீடில் எம்டிபியின் இழுப்பு வேறு. 4700-இன் இழுப்பு அதற்கு முந்தைய 10 ஸ்பீடு ரோட் செட்டுகளோடு கூடச் சேராது. எஸ்எல்-4700 வாங்குங்கள், இரண்டு பக்கமும். வாங்கும் முன் கேட்டீர்கள், அது நல்லது.